வாக்கரின் நான்காவது கால்

மொட்டைமாடியில் ராமர் வாக்கரைக் கவிழ்த்துப் போட்டு அதன் கால்களை நீட்டிக்கொண்டிருந்தார். அலுமினியக் கால் ஒவ்வொன்றிலும் வரிசையாகத் துளைகள். பொத்தானை அழுத்திக் குழாயை இழுத்து, இரண்டு துளை தள்ளி விட்டால் டக்கென்று உட்காரும். மூன்று கால்களை முடித்துவிட்டார். அப்போதுதான் நாகஜோதி கொடியிலிருந்து போர்வையை உருவிக்கொண்டே கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு முனையைப் பிடிங்க."

"ஒரு காலு பாக்கி இருக்கு தாயி."

"சாரல் விழுது. இதை மடிச்சிட்டுப் போய் மாட்டுங்க."

அவர் எழுந்தார். கைப்பிடிச் சுவரைத் தொடவில்லை. வலது குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு விரல்கள் என்று ஐந்து எட்டு வைத்து வந்து போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்தார்.

பனியன் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டரான அப்பாவோடு போர்வை மடிப்பது லேசான காரியமில்லை. முனையோடு முனை சேர வேண்டும். ஓரத்தோடு ஓரம் பொருந்த வேண்டும்.

"உன் பக்கம் அரை இஞ்ச் தூக்கியிருக்கு."

"போர்வைதானேப்பா."

"போர்வைன்னா கோணலா இருக்கலாமா?"

பிரித்து மறுபடி மடித்தார்கள். மூன்று போர்வைகள், ஒரு வேட்டி. எல்லாவற்றையும் அடுக்கித் தோளில் போட்டுக்கொண்டு ராமர் பதினெட்டுப் படிகளையும் கம்பியைப் பிடிக்காமல் இறங்கினார். நாகஜோதி பின்னால் இறங்கியபடி படிகளை எண்ணினாள். நான்காவது கால் இருவருக்குமே மறந்துபோனது. அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். 2007 ஜூலை, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்தே கால்.

அந்த வாக்கர் ராமருடையதல்ல. அது திருப்பூர் பக்கம் நெருப்பெரிச்சலில் திருமூர்த்தி நடத்திய பனியன் கம்பெனியின் பொதுச்சொத்து. ஆறு வருஷத்துக்கு முன்னால் பழனாத்தாள் என்ற பெண் முழங்காலை உடைத்துக்கொண்டபோது முதலாளி வாங்கிக் கொடுத்தது. பழனாத்தாள் நடக்க ஆரம்பித்ததும் அயர்ன் மாஸ்டர் வண்டியிலிருந்து விழுந்தார். அவர் எழுந்ததும் இன்னொருவர் விழுந்தார். குண்டும் குழியுமான ரோட்டில் தினம் இரண்டு வேளை மொபெட் ஓட்டுகிறவர்கள் இருக்கும்வரை வாக்கருக்கு ஓய்வு ஏது?

அதற்கு ஒரு சட்டமும் உருவாகியிருந்தது. குணமானவர் அதைத் தானே கையில் தூக்கிக்கொண்டு நடந்துபோய் அடுத்தவர் வீட்டில் வைக்க வேண்டும். ஆட்டோவில் அனுப்பக் கூடாது, வண்டியில் கட்டக் கூடாது, வழியில் ஊன்றவும் கூடாது. தூக்கிக்கொண்டு போனால்தான் ஆள் தேறிவிட்டார் என்று கம்பெனி ஒப்புக்கொள்ளும். தேறியவர் அடையாளமாக, பனியன் கழுத்தில் தைக்கிற சைஸ் லேபிள் ஒன்றை வாக்கரின் குறுக்குக் கம்பியில் ஒட்டுவார்கள். பழனாத்தாளுக்கு எக்ஸெல். அயர்ன் மாஸ்டருக்கு எஸ். அவர் ஒல்லி.

தேறியாயிற்றா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது ரங்காத்தாள். செக்கிங் பகுதிக்குத் தலைவி. தைத்து வந்த பனியனைப் புரட்டிப் பார்த்து, கோளாறு இருக்கிற இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி "ஆல்டர்" என்று தூக்கிப் போடுவது அவள் வேலை. அம்பு ஒட்டப்பட்ட துணி தையலுக்கே திரும்பிப் போகும். இருபது வருஷமாக அம்பு ஒட்டிய கை, மனிதர்களைப் பார்த்தாலும் சும்மா இருப்பதில்லை.

ராமர் விழுந்தது மார்ச் மாதத்தில். ஸ்டூல் மேல் ஏறி அடுக்கின் உச்சியிலிருந்து ஒரு துணி ரோலை இழுத்தார். ரோல் வந்தது, கூடவே அவரும் வந்தார். வலது குதிகால் எலும்பு நொறுங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும் வழியிலேயே, ரோலில் அழுக்குப் பட்டதா என்று கேட்டார். படவில்லை என்று தெரிந்த பிறகுதான் வலிக்கிறது என்றார்.

குதிகாலைத் திறந்து தகடு வைத்து ஆறு ஸ்க்ரூ முடுக்கினார்கள். எட்டு வாரம் தரையில் ஊன்றவே கூடாது என்று உத்தரவு. இது ராமரைப் பொறுத்தவரை ஆயுள் தண்டனை. சாத்தூர்ப் பக்கமிருந்து எண்பத்து மூன்றில் திருப்பூர் வந்தவர். வெட்டிப் போட்ட கழிவுத் துண்டு கூட்டுவதில் ஆரம்பித்து, துணி விரித்து, கடைசியில் கத்தி பிடித்தவர். இருபத்து நாலு வருஷமாக கட்டிங் டேபிளை ஒட்டி நின்றவர். வீட்டிலும் நின்றுகொண்டுதான் டீ குடிப்பார். டிவியையும் நின்றுகொண்டே பார்ப்பார். "சீரியல் பாக்குற மனுசனா, பஸ்ஸுக்கு நிக்கிற மனுசனா?" என்று அவர் மனைவி சின்னத்தாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவள்.

எட்டு வாரம் முடிந்து, வாக்கரோடு தத்தித் தத்திக் கம்பெனிக்குப் போன முதல் நாள், திருமூர்த்தி வாசலுக்கே வந்துவிட்டார்.

"வாங்க மாஸ்டர். உக்காருங்க. நெம்பர் ஒட்டற வேல இருக்குதுங்க, அதப் பாருங்க."

நம்பர் ஒட்டுவதென்றால், வெட்டிய துண்டுகள் கலந்துவிடாமலிருக்கச் சின்னச் சின்ன எண் ஸ்டிக்கர் ஒட்டுவது. புதிதாகச் சேர்ந்தவர்கள் உட்கார்ந்து செய்கிற வேலை. அதுவும் வேறொருவர் வெட்டிய துண்டுகள்.

"டேபிள் எப்ப மொதலாளி?"

"இத எதுக்குங்க எங்கிட்டக் கேக்கறீங்க? இந்த வாக்கரு எப்பக் கேட்டத் தாண்டி உங்க கையில போகுதோ, அன்னிக்கு டேபிள் உங்களுதுங்க. ரங்காத்தாக்கா சொல்லோணும்."

ரங்காத்தாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "ஏனுங் மாஸ்டரு, இன்னும் தையலே முடியல, அதுக்குள்ள செக்கிங்குக்கு வந்துட்டீங்களா?"

அன்று முதல் ராமருக்கு ஒரே குறி. வாக்கரைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்ட வேண்டும். டேபிளுக்குத் திரும்ப வேண்டும்.

நாகஜோதி இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ படித்தவள். மின்னணுத் தராசுகளைச் சரிபார்க்கும் சர்வீஸ் கடையில் வேலை. நிட்டிங் கம்பெனிகளுக்கும் டையிங் பட்டறைகளுக்கும் போய், சோதனை எடைக்கல் வைத்து, காட்டுவது சரியா என்று பார்த்து, சரியில்லையென்றால் திருத்தி வருவாள். எதையும் சுமாராகச் சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. டாக்டர், "இந்த வாரம் காலில் பத்துக் கிலோ, அடுத்த வாரம் இருபது, அப்புறம் பாதி எடை" என்று சொன்னபோது, முதல் முறையாக ஒரு டாக்டரை அவளுக்குப் பிடித்துப்போனது.

சாயங்காலம் கம்பெனி விட்டதும் அப்பாவைத் துணி கோடவுனில் ரோல் நிறுக்கும் தராசின் மேல் ஏற்றினாள். இடது கால் அதே உயரப் பலகையில், வலது கால் தராசில். இரண்டு கையும் வாக்கரில். பத்து வரும்வரை அழுத்த வேண்டும். அந்த அழுத்தத்தைக் கால் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராமர் அழுத்தினார். திரையில் ஏழு, எட்டு என்று ஏறியது. சட்டென்று நிறுத்தினார்.

"தாயி, ரோலை நிறுத்தா உள்ள இருக்கிற அட்டைக் குழாயைக் கழிச்சுதான எழுதுவோம்?"

"ஆமா."

"எனக்குள்ள தகடு இருக்கு. ஆறு ஸ்க்ரூ இருக்கு. கழிக்கணுமா?"

"எவ்வளவாம்?"

"டாக்டர்கிட்டக் கேட்டேன். நூறு கிராம் வராதுங்கிறாரு. நிறுத்துப் பாக்கலியாம். பாக்காமலே உள்ள வச்சிருக்காரு."

நாகஜோதி சிரிக்கவில்லை. யோசித்துத்தான் பதில் சொன்னாள். "குழாயை உருவிடலாம்ப்பா. தகடு அங்கயேதான் இருக்கப்போவுது. அது இனிமே உங்க எடைதான்."

"சரி. அப்ப மொத்த எடையே எழுதிக்க."

எழுதினாள். நோட்டில் தேதி, கிலோ, எத்தனை நேரம் என்று மூன்று வரிசை.

நடைப்பயிற்சி கட்டிங் டேபிளை ஒட்டியே நடந்தது. நாற்பது அடி நீளம். ஓரம் முழுக்க இஞ்ச் டேப் பதித்திருக்கும். ஒரு கையால் டேபிளைப் பிடித்துக்கொண்டு எட்டு வைப்பார். எங்கே நின்றாரோ அந்த இஞ்ச்சைச் சொல்வார். முதல் நாள் எண்பத்து நாலு. ஒரு வாரத்தில் இருநூற்றுப் பத்து. போகும் வழியில் மற்றவர் விரித்து வைத்த துணியைத் தடவிப் பார்த்து, "இழுத்து விரிச்சிருக்காங்க, வெட்டுனதும் சுருங்கும்" என்று புலம்புவார். நடை அதனால் நாலு நிமிஷம் நீளும். நோட்டில் அந்த நாலு நிமிஷத்தை அவள் தனியாகக் கழித்து எழுதினாள்.

ஜூன் மாதம் வாக்கருக்கு அடுத்த ஆள் கிடைத்துவிட்டார். அந்தோணிராஜ். நிட்டிங் மெஷின் ஃபிட்டர், தூத்துக்குடிக்காரர், ஆறடி உயரம். மொபெட்டோடு சாக்கடையில் இறங்கித் தொடை எலும்பு போயிற்று. ஜூலை கடைசியில் அவர் நடக்க ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் வாக்கர் அவர் வீட்டில் இருக்க வேண்டும். வீடு ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி, தண்ணீர்த்தொட்டிக்கு அந்தப் பக்கம்.

"தேதி குடுத்தாச்சுங்க மாஸ்டரு," என்றாள் ரங்காத்தாள். "ஷிப்மென்ட் மாதிரி நெனச்சுக்கங்க. தாண்டுனா ஆர்டரு கேன்சல்."

அப்போதுதான் செருப்பு விவகாரம் வந்தது. குதிகாலுக்கு மெத்தென்ற ரப்பர் வைத்து, பின்னால் பட்டையோடு, பாத அளவுக்குச் செருப்பு தைத்துப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். அவிநாசியில் ராசப்பன் என்பவர் அந்த மாதிரிச் செருப்பு நன்றாகத் தைப்பார் என்றார்கள். பாதத்தை அட்டையில் வைத்து ஓரத்தை வரைந்து அனுப்பினால் போதும்.

அட்டையில் வரைவதை ராமர் வேறு யாரிடமும் விடுவாரா? துணிக்கு அளவு வெட்டும் பேட்டர்ன் அட்டையை அவர் தொட்டு மூன்று மாதமாயிற்று. டேபிளைப் பிடித்துக்கொண்டு நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினார். பிறகு உட்கார்ந்து, நெளிவுகளைச் சரிசெய்து, வலது இடது குறித்து, துணிக்கு வெட்டுவதுபோல பிசிறில்லாமல் வெட்டினார். அவ்வளவு அழகான பாதம் அந்தக் கம்பெனியில் யாரும் பார்த்ததில்லை. வருகிறவர் போகிறவரெல்லாம் எடுத்துப் பார்த்தார்கள்.

ஒரு வாரத்தில் செருப்பு வந்தது. வந்த அன்றே ராமர் செக்கிங்குக்குத் தயார் என்றார். டேபிளின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பிடிக்காமல், வாக்கரைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். மெஷின்கள் நின்றன. திருமூர்த்தியும் வந்து நின்றார்.

முதல் எட்டில் பாதம் செருப்புக்குள் முன்னால் போயிற்று. இரண்டாவது எட்டில் பின்னால் வந்தது. மூன்றாவதில் செருப்பு தனியாக இடது பக்கம் திரும்பியது. ராமர் முகத்தை மாற்றிக்கொள்ளாமல் நடந்தார். தட், தட் என்று சத்தம். எட்டாவது எட்டில் செருப்பின் முனை தரையில் மடங்க, வாக்கர் ஒரு பக்கம் பறக்க, ராமர் கழிவுத் துண்டு மூட்டைகளின் மேல் மெத்தென்று போய் விழுந்தார். அடி எதுவும் இல்லை. பச்சைத் துண்டுகள் தலையெல்லாம் ஒட்டியிருந்தன.

யாரும் சிரிக்கவில்லை. ரங்காத்தாள் மெதுவாக நடந்து வந்தாள். சுருளிலிருந்து ஒரு சிவப்பு அம்பைப் பிரித்தாள். குனிந்து அவர் வலது செருப்பில் ஒட்டினாள்.

"ஆல்டருங்க," என்றாள்.

அதன்பிறகுதான் கம்பெனியே சிரித்தது. ராமரும் மூட்டை மேலிருந்தபடியே சிரித்தார். ஆனால் வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. உட்கார்ந்தே டிவி பார்த்தார். சின்னத்தாய்க்கு அதைப் பார்த்துத்தான் பயமாகிவிட்டது. "நிக்கச் சொல்லு அந்த மனுசன," என்று மகளிடம் கிசுகிசுத்தாள்.

நாகஜோதி செருப்பை எடுத்து ஸ்கேலால் அளந்தாள். அப்பாவின் பாதத்தை அளந்தாள். பேட்டர்ன் அட்டையைக் கொண்டுவரச் சொல்லி அதையும் அளந்தாள். செருப்பும் அட்டையும் மயிரிழை பிசகாமல் ஒன்று. பாதம் மட்டும் வேறு.

"அப்பா, சுத்தி அரை இஞ்ச் எதுக்கு கூட வச்சீங்க?"

"எங்க?"

"அட்டையில. நாலா பக்கமும்."

ராமர் அட்டையை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். இருபத்து நாலு வருஷமாகக் கை செய்கிற காரியம். துணி தண்ணீர் பட்டால் சுருங்கும், தைக்கும்போது ஓரத்தில் கொஞ்சம் போகும், அதனால் உள்ளபடியான அளவோடு அரை இஞ்ச் கூட வைத்துத்தான் வெட்டுவது. மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வெட்டினாலும் அடுத்த வருஷத்தையும் சேர்த்தே வெட்டியவர். அவள் டிப்ளமோ முடிக்கும்வரை அளவான சட்டை ஒன்றுகூடப் போட்டதில்லை.

"சுருங்கும்ல," என்றார்.

"ரப்பர் சுருங்காதுப்பா."

"இல்ல, சுருங்கும்."

"சுருங்கப்போறது உங்க காலு. வீக்கம் இன்னும் வடியலை. வடிஞ்சா இப்ப இருக்கிறதவிடச் சின்னதாகும்."

ராமர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். ஏதோ மனக்கணக்குப் போட்டார். முகம் மெல்லத் தெளிந்தது.

"அப்ப கழிச்சுல்ல வெட்டியிருக்கணும். அந்த ராசப்பன் ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டேன். போன்ல. 'மாஸ்டர் குடுத்த அட்டைங்க, அதுல கை வைக்க நான் யாருங்க'ன்னாரு."

"மருவாத தெரிஞ்ச மனுசன்," என்று சொல்லி எழுந்து நின்றார். நின்றுகொண்டே மீதி சீரியலைப் பார்த்தார். சின்னத்தாய் சோறு போட்டாள்.

இரண்டாவது அட்டையை நாகஜோதி வரைந்தாள். ஈரத் துணியில் மிதித்துத் தாளில் அழுத்தி, அச்சு எடுத்து, வெர்னியர் அளவுகோலால் அளந்தாள். கோடு கொஞ்சம் நெளிந்திருந்தது. "கோணல்," என்றார் ராமர். "உங்க காலுதான் கோணல்," என்றாள் அவள். வீக்கத்துக்குக் கால் இஞ்ச் கழித்தாள். அந்தச் செருப்பு சரியாக உட்கார்ந்தது.

அதற்குப் பிறகு ஏறுமுகம்தான். தராசில் முழு எடை வந்தது. அறுபத்திரண்டு கிலோ நானூறு. டேபிளைத் தொடாமல் நானூற்று எண்பது இஞ்ச், அதாவது முனையிலிருந்து முனை. பிறகு போய்த் திரும்பி வருவது. பிறகு வாக்கரைத் தூக்கிக்கொண்டு. ஜூலை கடைசி சனிக்கிழமை, மறுபடி மெஷின்கள் நின்றன.

ராமர் நடந்தார். வாக்கரை இடது கையில் குடைபோல மாட்டிக்கொண்டிருந்தார். போனார், திரும்பினார், வந்தார். வழியில் விரித்திருந்த துணியைத் தொடவே இல்லை. அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

ரங்காத்தாள் அவரைச் சுற்றி ஒரு முறை நடந்தாள். பின்னால் குனிந்து குதிகாலைப் பார்த்தாள். அம்புச் சுருள் கையில்தான் இருந்தது. அதை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சித்தெ இழுக்கற மாதிரி தெரியுதுங்க எடது பக்கமா. தோது பண்ணிக்கலாம். பாஸுங்க மாஸ்டரு."

எம் லேபிள் ஒன்றைக் குறுக்குக் கம்பியில் அவளே ஒட்டினாள்.

"எல்லு குடுக்கலாமில்லக்கா?" என்றார் ராமர்.

"வயித்துக்குக் குடுக்கறதில்லீங்க. நடைக்குக் குடுக்கறது."

திருமூர்த்தி கையைப் பிடித்துக் குலுக்கினார். "திங்கக்கெழம காலைல அந்தோணி ஊட்டுல வெச்சுட்டு அப்படியே வந்துருங்க. டேபிள்ல நாப்பது ரோலு கெடக்குது. நீங்கதான் வெட்டறீங்க."

ஞாயிறு காலையில் ராமர் கத்தரியைத் தேடி எடுத்து எண்ணெய் போட்டார். வேட்டி துவைக்கப் போட்டார். சாயங்காலம் மொட்டைமாடியில் வாக்கரை அந்தோணிராஜின் உயரத்துக்கு நீட்ட ஆரம்பித்தார். அதற்குப் பிறகு போர்வை மடித்த கதையைத்தான் முதலிலேயே சொல்லியாயிற்று.

திங்கட்கிழமை அவர் எழவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். வயது ஐம்பத்து நாலு. எத்தனை மணிக்கு என்று நாகஜோதி கேட்டாள். சுமாராக நாலு, நாலரை இருக்கும் என்றார். அந்தச் சுமார் அவளுக்குப் போதவில்லை. வேறு யாரிடம் கேட்பதென்றும் தெரியவில்லை.

கம்பெனி முழுக்க வந்தது. ரங்காத்தாள் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவர் வலது குதிகாலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு நல்லாயிருச்சு கண்ணு," என்றாள். "நானே பாத்தனே. நல்லாத்தான இருந்துச்சு."

"ஆமாங்கக்கா."

ஒன்பதாம் நாள் அந்தோணிராஜ் போன் செய்தார். வர முடியாததற்கு மன்னிக்கச் சொன்னார். வாக்கரைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. நாகஜோதியேதான் கேட்டாள்.

"நீங்க எப்படிண்ணே நடக்கீங்க?"

"பிளாஸ்டிக் சேரைத் தள்ளிக்கிட்டு நடக்கேன் தங்கச்சி. டையர்டானா அதுலயே உக்காந்துக்கிடுதேன். ஒரு கொறையும் இல்ல. நீங்க மெதுவா பாத்துக்கிடுங்க."

போனை வைத்துவிட்டு அவள் மாடிக்குப் போனாள். வாக்கர் கவிழ்த்துப் போட்ட இடத்திலேயே கிடந்தது. சாரல் பட்டு எம் லேபிளின் ஓரம் சுருண்டிருந்தது. குறுக்குக் கம்பியில் ஒரு பேட்டர்ன் அட்டைத் துண்டு நூலால் கட்டியிருந்தது. அப்பாவின் கையெழுத்து. 'அந்தோணிராஜ். தண்ணித்தொட்டி தாண்டி மூணாவது சந்து, பச்சைக் கதவு. ஆள் உயரம். ரெண்டு துளை ஏத்தணும். திங்கள் காலை எட்டு.'

நிமிர்த்தி வைத்தாள். ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது. உட்கார்ந்து ஒவ்வொரு காலாகத் துளைகளை எண்ணினாள். மூன்று கால்கள் நாலாவது துளையில் இருந்தன. ஒன்று இரண்டாவது துளையிலேயே இருந்தது.